ட்ரையல்ஸ் சைக்கிளில் செயின் உரசினால்: சூலியா வீதிப் பின்சந்துப் பட்டறை

பினாங்கில் ட்ரையல்ஸ் சைக்கிளை எந்தக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாலும் முதலில் வரும் கேள்வி "சீட் எங்கே?" என்பதுதான். சூலியா வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், ஐந்தடியில் (கடைவீட்டு முன்நடையில்) பட்டறை வைத்திருக்கும் பெரியவர் அதைக் கேட்கவில்லை. குனிந்து செயினைப் பார்த்தார். கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டை, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். "செயின் வாங்கச் சொல்லி அனுப்பினார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இப்போது வாங்காதே அம்மா" என்றார். இந்த ஊரில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அந்தப் பட்டறையைப் பற்றி எழுத அதுவே போதுமான காரணம்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியத் தலமானதற்குப் பிறகு சுற்றியுள்ள கடைவீடுகளில் பாதி காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. இவர் மட்டும் அதே தூணுக்கு அருகில் அதே வைஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் பேச்சா வண்டிகளுக்கு வேலை செய்கிறவர். பயணிகள் முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னாலிருந்து மிதிக்கும் பினாங்கு வண்டி அது. இரண்டு வெள்ளைக்காரர்களையும் அவர்களின் பெட்டிகளையும் நின்ற இடத்திலிருந்து நகர்த்தும்போது செயின் என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியும். ட்ரையல்ஸ் சைக்கிளை அவர் அதற்கு முன் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் நின்ற இடத்திலிருந்து முழு எடையோடு உதைக்கும் வண்டி என்பது அவருக்குப் புதிதல்ல.

இந்த வகைச் சைக்கிளை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: சீட்டும் கியரும் இல்லாத வண்டி. பாறையிலிருந்து பாறைக்கு, திட்டிலிருந்து திட்டுக்குப் பின் சக்கரத்தில் தாவுவதற்கு உரியது. 1970களில் ஸ்பெயினின் கத்தலோனியாவில் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸின் பிள்ளையாகப் பிறந்த விளையாட்டு. 2009இல் ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில் இணையத்தில் காட்டிய வித்தைகளுக்குப் பிறகுதான் நம் பக்கத்தில் பலருக்கும் தெரிய வந்தது. பினாங்குத் தீவு கருங்கல் தீவு; தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி கடற்கரைகளில் கிடக்கும் பாறைகள் போதும், தனியாக மைதானம் எதுவும் வேண்டாம்.

செயின் விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது 26 அங்குலச் சக்கரம். முன்னால் 18 பல், பின்னால் 15 பல். மிதிக்காதபோது பெடலை நிற்கவிடும் ஃப்ரீவீல் பின் சக்கரத்தில் இல்லை, கிராங்கிலேயே இருக்கிறது. பின்னாலுள்ள பல்சக்கரம் ஹப்போடு இறுகிய ஒன்று. ஆகவே சக்கரம் சுழலும்போதெல்லாம், நான் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், செயினும் ஓடிக்கொண்டே இருக்கும். செயின் எங்காவது உரசினால் அந்தச் சத்தம் ஓயாது. ஓடும்போது கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

விசையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 பல் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 36.6 மில்லிமீட்டர். கிராங்கின் நீளம் 175 மில்லிமீட்டர். 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு பெடலில் சும்மா ஏறி நின்றாலே செயினில் ஏறத்தாழ 360 கிலோ இழுவிசை விழுகிறது. 44 பல்லும் 170 மில்லிமீட்டர் கிராங்கும் உள்ள சாதாரணச் சைக்கிளில் அதே ஆள் நின்றால் 143 கிலோதான். நாங்கள் நிற்பதோடு விடுவதில்லை, குதித்து உதைக்கிறோம். ஊருக்குள் ஓடும் சைக்கிளில் வெறும் சத்தமாக முடிந்துவிடும் உரசல், இங்கே முன்பல்லை உடைக்கும் விஷயம். சைக்கிளின் முன்பல்லையும் சொல்கிறேன், நம்முடையதையும் சொல்கிறேன்.

என் வண்டியின் குறைகள் இவை. மிதிக்கும்போது ஒரே சீரான உரசல். பாறையில் இடிபடாமல் பற்களைக் காக்கும் வெளி வளையத்தின் உள்முகத்தில் பளபளவென்று ஒரு கோடு. செயின் ஒரு நிலையில் தந்தியைப்போல் இறுக்கம், கால் சுற்று தள்ளினால் தொய்வு. ஓங்கி உதைத்தால் சில வேளைகளில் பல் தாண்டியது. இதற்குமுன் இன்னொரு கடையில் பாட்டம் பிராக்கெட்டை (கிராங்குகளைத் தாங்கும் ஆக்ஸிலும் பேரிங்கும் சேர்ந்த பகுதியை) மாற்றி, புதுச் செயினும் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இவ்வளவும். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "செயின் பழகவில்லை, இன்னும் நல்லதாக ஒன்று வாங்குங்கள்" என்றார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடு குடும்பம் நடத்துகிறவளிடம் "பழகவில்லை" என்று சொன்னால் கோபம் வருமா வராதா?

பெரியவர் செயினைக் கழற்றியதும் செய்த முதல் வேலை அதை மேசையில் நேராக நீட்டி அளந்தது. செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 24 கண்ணிகள் புதிதாக இருக்கையில் 304.8 மில்லிமீட்டர் வர வேண்டும். 306.4 தொட்டுவிட்டால் தூக்கி எறிய வேண்டும். என்னுடையது 305. "இதை யார் தேய்ந்தது என்றார்கள்?" என்று கேட்டுவிட்டு ஆணியிலே மாட்டி வைத்தார். செயினுக்கு விசாரணை முடிந்தது, விடுதலை.

அடுத்தது நேர்க்கோடு. இரும்பு அளவுகோலைச் சட்டத்தின் நடுக்கோட்டில் வைத்து முன்பல்லுக்கு உள்ள தூரத்தையும், பிறகு பின்பல்லுக்கு உள்ள தூரத்தையும் அளந்தார். முன்னால் 49.5, பின்னால் 47. இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். செயின் முழுக்கக் கோணலாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை: பாட்டம் பிராக்கெட்டில் முன்பு இருந்த 122.5 மில்லிமீட்டர் ஆக்ஸிலுக்குப் பதிலாக 127.5 போட்டிருக்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடினால் பக்கத்துக்கு இரண்டரை. கையிருப்பில் அதுதான் இருந்திருக்கும் போலும். கியர் உள்ள சைக்கிளில் இதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அங்கே செயின் கோணலாக ஓடுவதற்கென்றே வளைந்துகொடுக்கும்படி செய்யப்பட்டது. ஒற்றைப் பல்லில் அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் நீள ஆக்ஸில் மட்டுமே குற்றவாளி என்றால் காப்பு வளையத்தில் கோடு விழுந்திருக்கக் கூடாது. வளையமும் ஃப்ரீவீலும் ஒரே கிராங்கில் இருப்பவை. ஆக்ஸில் எவ்வளவு நீண்டாலும் இரண்டும் சேர்ந்தேதான் நகரும். இதைப் பெரியவர் தானாகவே சொன்னார். நான் கேட்க வாயெடுத்த கேள்வி அது. மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடிய இடம் இதுதான்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் செயினின் அகலம். என் பற்கள் 3/32 அங்குல வகை. அதற்குரிய செயினின் உள்ளகலம் 2.38 மில்லிமீட்டர். கடைக்காரர் போட்டது 1/8 அங்குல வகை, உள்ளகலம் 3.18. அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும், தவறில்லை. பேச்சாக்களில் அப்படி எவ்வளவோ ஓடுகின்றன. மாறாக, மெல்லிய செயின் தடித்த பல்லில் ஏறவே ஏறாது. ஆனால் அகலச் செயினில் பக்கவாட்டில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் கூடுதலாக ஆட இடம் கிடைக்கிறது. அதோடு வெளிப்பக்கத்தில் கண்ணிகளைக் கோக்கும் ஆணிகளின் தலையும் கூடுதலாக நீண்டிருக்கும். பல்லுக்கும் காப்பு வளையத்துக்கும் இடையே உள்ள மெல்லிய சந்தில் அந்த ஆணித் தலைகள் ஒவ்வொன்றாக உரசிப் போயிருக்கின்றன. அகலமான செயின் வலுவானது என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். அது பொதுவாக உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டல்லவா போட வேண்டும்?

இனி அவர் செய்த வைத்தியம். ஃப்ரீவீலைக் கிராங்கிலிருந்து கழற்றுவதே பெரிய பாடு. உதைத்து உதைத்து இறுகிப்போனது அது. நான்கு பல் சாவியை வைஸில் கடித்துவைத்து, கிராங்கை நீளத் தடியாகப் பயன்படுத்தி இருவரும் சேர்ந்து திருப்பினோம். சாவி நழுவாதபடி ஒரு போல்ட்டால் முதலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படிச் செய்யாமல் திருப்பிச் சாவியின் பற்களை நாசம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காப்பு வளையத்துக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள வாஷரைப் போட்டார். ஃப்ரீவீல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தது. ஆணித் தலைகளுக்கு வழி கிடைத்தது. முன்பக்கத் தூரம் 48.5 ஆனது.

மீதி ஒன்றரை மில்லிமீட்டரைப் பின்னால் தேட வேண்டும். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, பாட்டம் பிராக்கெட்டுக்கு உரிய வளையங்களைத் துழாவி ஒன்றை எடுத்தார். இதில்தான் அனுபவம் தெரிகிறது: பாட்டம் பிராக்கெட் மரையும் பின் ஹப்பில் பல்சக்கரம் திருகப்படும் மரையும் ஒன்றே, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆகவே அங்குள்ள வளையம் இங்கே கச்சிதமாக உட்காரும். பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் வளையம். அது வெளியே நகர்ந்து 48.5க்கு வந்தது. இரண்டும் ஒரே கோட்டில்.

ஓரிடத்தில் கொடுக்கும் மில்லிமீட்டரை இன்னோரிடத்தில் வாங்கத்தான் வேண்டும். பின்பல் வெளியே வந்ததால் செயினுக்கும் சட்டத்தின் உள்முகத்துக்கும் இருந்த இடைவெளி ஐந்திலிருந்து மூன்றரையாகக் குறைந்தது. பல்சக்கரம் பிடித்திருக்கும் மரையின் ஆழமும் அந்த அளவுக்குக் குறைந்தது. அவர் பல்சக்கரத்தைக் கழற்றி, எத்தனை மரை பிடித்திருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் இறுதியாக இறுக்கினார். "இதற்குமேல் ஒரு வளையம் யாராவது போடப் பார்த்தால் விடாதே" என்று எச்சரிக்கையும் செய்தார். சரியான வைத்தியம் பழைய நீளத்தில் ஆக்ஸிலை வாங்கிப் போடுவது என்பதையும் அவர் மறைக்கவில்லை. வரவழைத்தால் மாற்றித் தருகிறேன், அதுவரை இது தாங்கும் என்றார்.

அடுத்தது நீளம். என் சட்டத்தில் பின் ஆக்ஸிலுக்கு உரிய பள்ளம், கிராங்கின் நடுவிலிருந்து 377 முதல் 388 மில்லிமீட்டர் வரை. முன்பு போட்டிருந்த செயினில் 76 கண்ணிகள். 18க்கு 15 பல்லில் அந்தக் கணக்கு 378 மில்லிமீட்டருக்கு வருகிறது. ஆக்ஸில் பள்ளத்தின் முன்முனையில் முட்டிக்கொண்டு நின்றது, இரண்டரை அங்குல டயரோ சட்டத்தின் கவட்டில் மணல் சிக்கினால் தேயும் நிலையில் இருந்தது. உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் சாதாரணமாகக் கண்ணிகளை இரண்டிரண்டாகத்தான் கூட்ட முடியும்; அப்படி 78 ஆக்கினால் 390, பள்ளத்தைத் தாண்டிவிடும். நடுவில் 77க்கு ஒரே வழி அரைக் கண்ணி, அதாவது ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கும்படி தகடு வளைந்த ஒற்றைக் கண்ணி. ஆக்ஸில் 384இல் வந்து உட்கார்ந்தது. முழுக்க அரைக் கண்ணிகளாலேயே ஆன செயின்கள் நீண்டுவிடும் என்ற புகாரில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அந்த வளைந்த தகடுகள் இழுவிசையில் நேராக முயல்கின்றன. ஒரே ஒரு அரைக் கண்ணிக்கு அந்தப் பயம் தேவையில்லை என்பது என் கருத்து.

இழுவையைச் சரிசெய்வதிலும் ஒரு நுணுக்கம் பார்த்தேன். எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமல்ல; அதனால்தான் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு. கிராங்கைச் சுற்றி, மிக இறுக்கமான நிலையைக் கண்டுபிடித்து, சாக்பீஸால் குறியிட்டு, அந்த நிலையில் வைத்துக்கொண்டுதான் பின் ஆக்ஸிலைத் தள்ளி நிறுத்த இரு பக்கமும் உள்ள சுருள் தகடுகளை நகர்த்தினார். நடுவில் விரலால் அழுத்தினால் பத்து மில்லிமீட்டர் ஆட்டம். தொய்வான நிலையில் பார்த்து இறுக்கினால், இறுக்கமான நிலை வரும்போது ஃப்ரீவீலின் பேரிங் நசுங்கும். என் ஃப்ரீவீல் கரகரவென்று இருந்ததற்கும் அதுவே காரணம் என்கிறார், நம்புகிறேன்.

இதுவரை செய்தது நல்ல மெக்கானிக் எவரும் செய்யக்கூடியதே. இனிச் சொல்வதற்காகத்தான் இந்தப் பட்டறைக்கு நான் மறுபடியும் போவேன். சைக்கிளை என்னிடம் கொடுத்து, முன் சக்கரத்தைத் தூணில் முட்டவைத்து, இரு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வலப் பெடலில் முழு எடையோடு ஏறி நிற்கச் சொன்னார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டம் வளைகிறது; ஆக்ஸில் வளைகிறது; காப்பு வளையம் வரை எல்லாம் கொஞ்சம் சாய்கிறது. ஸ்டாண்டில் தொங்கும்போது தாராளமாகத் தெரிந்த இடைவெளி அப்போது தாள் நுழையும் அளவுக்குச் சுருங்கியது. ஆனாலும் தொடவில்லை. பிறகு கிராங்கைக் கால் சுற்று மாற்றி மறுபடியும் நிற்கச் சொன்னார். இப்படி நான்கு நிலைகளிலும் பார்த்த பிறகுதான் கையைத் துடைத்தார். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிக் காட்டி "பாருங்கள், உரசவில்லை" என்று கொடுத்து அனுப்பும் கடைகள் இதைச் செய்வதே இல்லை. பாரம் ஏற்றாமல் எடுத்த அளவு என் வேலையிடத்தில் செல்லாது. பெரியவரின் பட்டறையிலும் செல்லாது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். செயினை இணைக்கப் பூட்டுக் கிளிப் போடுவதுதான் அவர் வழக்கம். பேச்சாவுக்குச் சரி. பாறையில் இடிபடும் வண்டியில், முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் செயினில், கிளிப் தெறித்துவிடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆணியை அடித்து இணைத்தார். அந்தக் கண்ணி விறைப்பாக நின்றதும் பக்கவாட்டில் இலேசாக வளைத்து இளக்கினார். வேலை சுத்தம்தான், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். எண்ணெய் விஷயத்தில் அவர் சொல்லுக்கு நான் கட்டுப்படவில்லை. தடித்த இன்ஜின் எண்ணெயைச் செயின் சொட்டச் சொட்ட ஊற்றுகிறார். கடற்கரை மணலும் அந்த எண்ணெயும் சேர்ந்தால் சாணைப் பசைதான். வெளியே வந்ததும் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மட்டும் விட்டேன். உப்புக்காற்றுக்குப் பயந்து அவர் ஊற்றுகிறார் என்பது புரிகிறது. மணலில் விளையாடாதவர்களுக்கு அவர் முறை பொருந்தலாம்.

ஹைட்ராலிக் ரிம் பிரேக் பக்கம் அவர் கையை வைக்கவே மாட்டேன் என்றார். பின் சக்கரம் ஆறு மில்லிமீட்டர் பின்னுக்குப் போனால் அந்த பிரேக்கின் (என்னுடையது மகுரா) கட்டைகள் ரிம்மில் சரியாக உட்காராது, அவற்றைத் திரும்ப நிலைப்படுத்த வேண்டும். அது எனக்கே தெரிந்த வேலை என்பதால் அங்கேயே உட்கார்ந்து செய்துகொண்டேன். தெரியாதவர்கள் அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். பிரேக்கைச் சரிசெய்யாமல் பாறையில் ஏற வேண்டாம்.

உதிரிப் பாகங்கள் அவரிடம் பெரிதாக இல்லை. ட்ரையல்ஸுக்கு உரியது எதுவும் இல்லவே இல்லை. அரைக் கண்ணியும் நான்கு பல் சாவியும் நான் கொண்டுபோனவை. மெல்லிய செயினுக்கு மாற நினைப்பவர்கள் கே.எம்.சி போன்ற செயின் நிறுவனங்களில் 3/32 அங்குல ஒற்றைப் பல் செயினாகப் பார்த்து இணையத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். கியர் செயினை வாங்கிக்கொண்டு போனால் திட்டு வாங்குவீர்கள்.

கூலி 40 வெள்ளி (ரிங்கிட்). வளையத்துக்கும் வாஷருக்கும் காசு வாங்கவில்லை. ரொக்கம் மட்டும். காலையில் வேலையை ஆரம்பித்து மாலைவரை இழுத்தடித்தார்; நடுவில் ஒரு பேச்சாவின் டயர், ஒரு பள்ளிப் பையனின் பிரேக் கம்பி என்று எழுந்து போய்க்கொண்டே இருந்தார். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஏற்றதல்ல. பக்கத்துக் காப்பிக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு காத்திருக்கத் தயாரானவர்கள் போகலாம். பட்டர்வொர்த் பக்கத்தில் இருப்பவர்கள் ஃபெரியில் சைக்கிளோடு வந்துவிடலாம். துறையிலிருந்து தள்ளிக்கொண்டே நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தைப்பூசத்தை ஒட்டிச் சில நாள் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் வேலைக்குப் போய்விடுகிறார், அப்போதும் கிடையாது. கடையில் தொலைபேசி இல்லை. நேரில் போய்ப் பார்ப்பதுதான். போகும்போது உங்கள் பற்கள் எந்த வகை, கண்ணிகள் எத்தனை, ஆக்ஸில் பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் மறுபடியும் அளப்பார், ஆனால் உங்களை மதிப்பார்.